உபதேசியாரின் தூக்குச்சட்டி

காட்டிலிருந்து வெள்ளைக்காரரோடு சண்டையிடும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமென்று, கோலா சாவா பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் காவல்காரர்கள் முள்வேலிக்கு வெளியே ஒரு பருக்கைச் சோற்றையும் விடமாட்டார்கள். வேலிக்கு வெளியே போய், பாலெடுக்க ரப்பர் மரத்தின் பட்டையை வெட்டும் ராகேல், விடியலில் குடித்த தேத்தண்ணியோடு மதியம் இரண்டு மணிவரை பட்டினி.

ஞாயிறு ஜெபத்துக்கு ரஹாங் ஊரிலிருந்து வந்த உபதேசியார் அருமைநாயகம், தோட்டத்துக் கணக்கரான கிராணியின் வீட்டில் கோழிக்கறி சாப்பிட்ட கையோடு, கர்த்தருக்குள் திருப்தியாயிருப்பதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். பிறகு, அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்துக்குப் பெயர் எழுதும்போது ராகேலை நிமிர்ந்து பார்த்தார்.

"பசி பசின்னு முறுமுறுக்கிறியாமே. மூஞ்சில சந்தோஷமே இல்ல. ஒம் பேர எழுத மாட்டேன்."

ராகேலுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர் கிளம்பியபோது தோட்டத்து வாசல்வரை பின்னாலேயே போனாள்.

வாசலில் காவல்காரர்கள், கிராணி வீட்டார் அவருக்குச் சோறு கட்டிக்கொடுத்த தூக்குச்சட்டியைப் பிடுங்கிக்கொண்டார்கள். உபதேசியார் குதித்தார்.

"வீடு போய்ச் சேர சாயங்காலமாயிரும்லா. அதுவரைக்கும் பட்டினியா கெடக்கணுமா? ஆண்டவரே, இதென்ன அநியாயம்?"

"மூஞ்சில சந்தோஷத்தக் காணோமே, ஐயா," என்றாள் ராகேல். "நானும் தெனம் மரத்தடியில ஆண்டவர்கிட்ட இப்படித்தான் சண்ட போடுறேன். போட்டு முடிச்சா மனசு நெறஞ்சிரும், பாடிக்கிட்டே வெட்டுவேன். அவரு ஒருநாளும் என்னை வெளிய போன்னு சொன்னதில்ல. நீங்க யாரு சொல்ல? பேர எழுதுங்க."

உபதேசியார் தூக்குச்சட்டியைப் பார்த்தபடியே பென்சிலை எடுத்து எழுதினார்.

ராகேலுக்குக் கோபம் அடங்கவில்லை. அந்தக் கோபத்தோடேயே சங்கீதம் பாடிக்கொண்டு லயத்து வீட்டுக்கு நடந்தாள்.