பச்சைத் தண்ணீருக்கு ஒரு சாட்சிக் கடிதம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நான் கதை எழுத உட்காரவில்லை. வீட்டுக்காரி ரோனெல் கேட்ட சாட்சிக் கடிதம்தான் இப்படித் தடம் மாறிவிட்டது. பிரிட்டோரியாவில் அவள் வீட்டின் பின்பக்கத்து ஒற்றை அறையில் குடியிருக்கிறேன். அவளுடைய நீச்சல் குளத்தில் பாசி பிடித்துப் பச்சையாகிவிட்டது. குளம் பார்க்கிற மடிமெட்ஜா குளோரினைத் திருடிவிட்டான் என்று அவனை வேலையிலிருந்து நிறுத்தினாள். அவன் தொழிலாளர் விசாரணை மன்றத்தில் முறையிட்டிருக்கிறான்; கடிதம் அங்கே காட்டத்தான்.

"நீங்கதான பாத்தீங்க? எழுத்தாளர்னு பெத்த பேரு வேற. பாத்தத ரெண்டு வரி எழுதிக் குடுங்க" என்றாள்.

2

'குளோரின் வாளியோடு அவன் கேட்டைத் தாண்டியதை என் கண்ணால்...'

(நிறுத்திவிட்டேன். என் கண்ணை நானே நம்பவில்லை.)

'மடிமெட்ஜாவுக்குக் கள்ளமுழி...'

(சே. வெயிலில் கண்ணைச் சுருக்குகிறவனெல்லாம் கள்ளன் என்றால் இந்த ஊரில் யார் மிஞ்சுவார்கள்?)

3

குளத்துத் தண்ணீரைச் சுழற்றும் பம்ப் பகலில் மட்டும் ஓடும்படி டைமர் வைத்திருந்தது. மின்வெட்டு வரும்போதெல்லாம் அந்த டைமரின் கடிகாரமும் நின்றுவிடும். மின்சாரம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடும். இரண்டு மாதத்தில் அதற்குப் பகல் இரவாகிவிட்டது. பகலெல்லாம் தண்ணீர் அசையாமல் கிடந்தது. அவன் போட்ட குளோரினை வெயில் தின்றது.

"பம்ப் ஓடல மேடம். டைமரத் திருப்பி வைக்கட்டுமா?"

"அதுல கை வச்சுக் கெடுத்துத் தொலைக்காத. சுவரத் தேச்சு, மருந்தப் போட்டுட்டுக் கெளம்பு."

"வெயில் தாழப் போட்டாதான் மேடம் நிக்கும்."

"அதுவரைக்கும் உனக்காக நான் கேட்டத் தெறந்து வச்சுட்டு உக்காந்திருக்கணுமாக்கும்."

(சன்னலுக்குப் பின்னாலிருந்து நான் கேட்டது இது. கடிதத்தில் இதற்கு இடமில்லையாம்.)*

* காலி வாளிகளைக் குளம் பார்க்கிறவர்கள் எடுத்துப்போவது இங்கே வழக்கம். கழுவி, வீட்டில் தண்ணீர் பிடித்துவைப்பார்கள். இதையும் ரோனெல் கேட்கவில்லை.

4

நேற்று தெருமுனையில் மடிமெட்ஜா என்னை நிறுத்தினான்.

"என்னங்கய்யா, நான் திருடுனத நீங்க பாத்தீங்களாமே."

"வாளியோட போனத மட்டுந்தான் சொன்னேன்."

"காலி வாளியா, நெறஞ்சதான்னு அவங்க கேக்கலயா?"

"கேக்கல."

"நீங்களும் சொல்லல." சிரித்தான். "இந்தத் தெருவுல எட்டு வீட்டுக் குளம் எங்கிட்ட இருந்துச்சு. இப்ப ஒரு வீட்லயும் கேட்டத் தெறக்கல."

5

மூன்று முறை எழுதி மூன்று முறையும் அடித்த வரி இது: 'வாளியை ஒற்றை விரலில் மாட்டி ஆட்டிக்கொண்டே போனான்.'

நிறைந்த வாளி பத்துக் கிலோ. எவனாலும் அதை அப்படி ஆட்ட முடியாது. அன்றைக்கே எனக்குத் தெரியும். ரோனெல் என்னோடு உட்கார்ந்து காப்பி குடித்து ரொம்ப நாளாகியிருந்தது. அவளிடம் சொல்ல ஏதாவது வேண்டியிருந்தது. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

கதவைத் தட்டுகிறாள்.

"ஆச்சா இல்லியா? ரெண்டு வரிக்கு இவ்ளோ நேரமா?"

மேசையில் இரண்டு தாள்கள். ஒன்றில் அந்த வரி இருக்கிறது, மற்றதில் இல்லை. இரண்டிலும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். எதைக் கொடுப்பேன் என்று இங்கே எழுதப்போவதில்லை. இரண்டாம் பகுதிவரை நீங்களும் மடிமெட்ஜாவைத்தானே சந்தேகப்பட்டீர்கள்? இனி என்னைச் சந்தேகப்படுங்கள்.