மாப்பிள்ளை இன்னும் யோசிக்கவில்லை

கார் ஓட்டக் கற்றுத்தருகிறவனுக்கும் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவளுக்கும் காதல் வந்தது, அவள் மறுபடியும் லைசென்ஸ் தேர்வில் தோற்ற அன்று. ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்து அழுதுகொண்டிருந்தாள். "ரிவர்ஸ் உனக்கு நல்லா வருது" என்றான் அவன். ஆறுதலுக்குச் சொல்லவில்லை. ரிவர்ஸ் மட்டும் அவளுக்கு உண்மையிலேயே நன்றாக வந்தது. அந்த நேர்மை அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

கல்யாணப் பேச்சு வந்தபோது அவனை எச்சரித்தாள்.

"எங்க வீட்டுல ஒரு பிரச்சினை இருக்கு."

"என்ன, நாயா?"

"கடவுள்."

அவள் அப்பா ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியர். கடவுள் இல்லை என்று ஆதாரத்தோடு நிரூபிப்பதற்காகவே அலமாரி நிறையப் புத்தகம் சேர்த்தவர். அம்மா வீட்டு முன்னறையில் தையல் கடை வைத்திருந்தார். ஊசியில் நூல் கோர்த்தால்கூடக் கடவுளுக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் தைக்க ஆரம்பிப்பார். கல்யாணமான நாளிலிருந்து இருவருக்கும் இதே வழக்குதான். சின்ன வயதில் மகள் அப்பாவிடம் 'இல்லை' என்றால் ஒரு மிட்டாய், அம்மாவிடம் 'இருக்கிறார்' என்றால் ஒரு மிட்டாய். அவளுக்குப் பல் சொத்தையானதுதான் மிச்சம்.

ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தான். டீ வந்தது, பிஸ்கட் வந்தது, கேள்வியும் வந்தது.

"தம்பிக்குக் கடவுள் நம்பிக்கை உண்டா?" என்றார் அம்மா.

"அதைப் பத்தி யோசிச்சதில்ல, அத்தை."

அப்பாவின் முகம் மலர்ந்தது. "அப்படிப் போடு! அப்போ இல்லைங்கற?"

"அப்படியும் சொல்லல, மாமா. யோசிக்கல, அவ்வளவுதான்."

அம்மா விடவில்லை. "கார் ஓட்டத் தெரியாதவங்க பக்கத்துல உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு உக்கார்றீங்க. எதிர்ல லாரி வந்தா யாரைக் கூப்பிடுவீங்க?"

"கூப்பிட நேரம் இருக்காது, அத்தை. என் கால்கிட்டயும் ஒரு பிரேக் இருக்கு. மிதிச்சிடுவேன்."

"சரி, செத்த பிறகு என்ன ஆகும்னு ஒரு நாளாவது..." என்று ஆரம்பித்தார் அப்பா.

"அப்போ பாத்துக்கலாம், மாமா" என்றபடி அவன் இன்னொரு பிஸ்கட்டை எடுத்தான்.

அப்பாவுக்கு மூக்கு சிவந்துவிட்டது. ஆயுள் முழுக்கப் படித்துப் படித்து அவர் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார். இவன் ஒரு பக்கம்கூடப் புரட்டாமல் பிஸ்கட் தின்கிறான். அம்மாவுக்கோ வயிறு எரிந்தது. கணவர் கடவுளைத் திட்டுவதற்காகவாவது தினமும் நினைக்கிறார்; இவனுக்கு அந்த ஞாபகமே இல்லையே! இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சேர்ந்து எழுந்து சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்கள்.

மகள் வாயைப் பிளந்தாள். "எனக்குத் தெரிஞ்சு ரெண்டு பேரும் சேர்ந்து எந்த முடிவும் எடுத்ததில்ல."

வெளியே வந்தபோது அப்பாதான் பேசினார். "உண்டு, இல்ல, எதுவா இருந்தாலும் பரவாயில்ல. ஆனா ஏதாவது ஒண்ணு சொல்லணும். இந்த ரெண்டுங்கெட்டான் பதிலுக்கு எங்க பொண்ணைக் குடுக்க மாட்டோம்."

"ஆமா, குடுக்க மாட்டோம்" என்றார் அம்மா. அடுத்த ஞாயிறு வரை தவணை கொடுத்தார்கள்.

அவன் நிஜமாகவே முயற்சி செய்தான். திங்கட்கிழமை ஒரு பல் டாக்டருக்கு வண்டி கற்றுத்தரும்போது, இந்த உலகம் எப்படி வந்திருக்கும் என்று யோசிக்க ஆரம்பித்தான். அந்த நேரத்தில் டாக்டர் சாலைத் தடுப்பின்மேல் ஏறிவிட்டார். அன்றோடு பகலில் யோசிப்பதை நிறுத்தினான். ராத்திரியில் யோசித்தால், தொடங்கிய மறுநிமிடம் குறட்டை வந்தது.

புதன்கிழமை அம்மாவிடமிருந்து போன் வந்தது. குரலைத் தாழ்த்திப் பேசினார். "தம்பி, நான் சொன்னேன்னு அவர்கிட்ட சொல்லாதீங்க. நீங்க பேசாம 'இல்ல'ன்னு சொல்லிடுங்களேன்."

"என்ன அத்தை, நீங்களே..."

"இவரைத் திருத்தித் திருத்தி எனக்கு அலுத்துப்போச்சு. நீங்க புதுசு. உங்களைத் திருத்திடலாம்னு ஒரு நம்பிக்கை."

அன்று சாயங்காலம் அப்பா பேசினார். "இது நமக்குள்ள இருக்கட்டும். நீ 'உண்டு'ன்னு சொல்லிடு. நான் வாயைத் திறந்ததுமே உங்க அத்தை மெஷினை ஓட்ட ஆரம்பிச்சிடறா, ஒரு வார்த்தை காதுல விழறதில்ல. நீ 'உண்டு'ன்னு சொன்னா, உன்கிட்ட முதல்லேருந்து பேசலாம் பாரு."

மருந்துக்கடைக்காரிக்கு இதைக் கேட்டுச் சிரிப்பு அடங்கவில்லை. "ஏதாவது ஒண்ணைச் சொல்லித் தொலையேன். எதைச் சொன்னாலும் ஒருத்தருக்கு உச்சி குளிர்ந்துடும்."

"சொல்லலாம். ஆனா அது பொய்யாயிடுமே" என்றான் அவன், ரொம்பப் பாவமாக.

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் அதே நாற்காலி. இரண்டு பேரும் ஆவலோடு அவன் வாயையே பார்த்தார்கள்.

"நல்லா முயற்சி பண்ணேன், மாமா. வரல" என்றான். "தெரிஞ்சுக்கணும்னு ஆசையும் இல்ல, அத்தை. அதுக்காக உங்களைக் குறைவா நினைக்கறேன்னு எடுத்துக்காதீங்க. யாராவது பேசினா எனக்குக் கேக்கப் பிடிக்கும். எங்கிட்ட வண்டி கத்துக்கறவங்க வழி நெடுகப் பேசிட்டேதான் வருவாங்க. நான் நடுவுல பேச மாட்டேன்."

அப்பா கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "நடுவுல பேச மாட்டியா?"

"மாட்டேன்."

"கொட்டாவி?"

"சாப்பிட்ட உடனே மட்டும் வரும்."

"அப்ப முதல்ல அணுவுலேருந்து ஆரம்பிக்கிறேன்" என்றார் அப்பா.

"அணுவை யார் படைச்சதுன்னு கேளுங்க, மாப்பிள்ளை!" என்று பாய்ந்தார் அம்மா.

'தம்பி' மாப்பிள்ளையானதை மகள் மட்டும்தான் கவனித்தாள். சண்டை சூடுபிடித்தது. அப்பா அலமாரியிலிருந்து புத்தகத்தை இழுத்தார். அம்மா கழுத்திலிருந்த அளவு நாடாவை உருவி மேஜையில் தட்டினார். அவன் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, ஒருவர் பேசும்போது மற்றவரைக் கையமர்த்தினான். அப்படி ஒருவர் தங்களை முழு வாக்கியம் பேசவிட்டு இருவருக்கும் பல காலம் ஆகியிருந்தது.

"அடுத்த மாசக் கடைசில கல்யாணம் வெச்சுக்கலாமா?" என்று நடுவில் கேட்டாள் மகள்.

"சரி சரி" என்றார்கள் இருவரும், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அவள் அவன் காதருகே குனிந்தாள். "உண்மையைச் சொல்லு. யார் சொல்றது சரி?"

அவன் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தான். "மழை வர்ற மாதிரி இருக்கு. மாடியில துணி காயுதா?"

"ஐயோ!"

அவனும் அவளும் மாடிப்படியில் ஓடினார்கள்.