அழித்த இடம்

கிரேனில் எடை மீறினால் கத்தித் தடுக்கும் கருவியின் சர்க்யூட் பலகை சோதனைக்காக மேசைமேல் கிடந்தது. புது மென்பொருள் ஏறி முடியும் தறுவாயில் அதன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மறுபடி சொருகினாள். திரையில் எடை வரம்பு அறுபத்தைந்தாயிரம் கிலோ சொச்சம் என்று வந்தது. அந்தக் கிரேன் தாங்குவது ஐயாயிரம்.

கரண்ட் போனாலும் மறக்காத பிளாஷ் நினைவகத்தில் ஓர் எண்ணை மாற்ற வேண்டுமென்றாலும் அது இருக்கும் பிளாக் முழுவதையும் அழித்துவிட்டுத்தான் எழுத வேண்டும். அழித்த இடம் காலியாகவும் இருக்காது. எல்லா பிட்டும் 1 ஆகி, படித்தால் இருப்பதிலேயே பெரிய எண் வரும். இது அவளுக்குத் தெரியாததல்ல. சிப் சின்னது. கருவி விழித்ததும் முதலில் ஓடுகிற பூட்லோடர், தன் பிளாக்கின் வாலில் கொஞ்சம் இடம் மிச்சம் வைத்திருந்தது. எடை வரம்பை அங்கே செருகினாள். கல் சுமந்தவர்களின் வீடு அவளுடையது. ஒற்றை அறையில் கதவுக்குப் பின்னால்கூட ஒருவர் படுத்துத் தூங்கினார். மிச்ச இடத்தைச் சும்மா விட அவளுக்கு மனம் வராது. புது பூட்லோடர் ஏற்றும்போது வரம்பைத் தற்காலிக நினைவகத்தில் எடுத்து வைத்துக்கொண்டு, பிளாக்கை அழித்து, பூட்லோடரை எழுதி, கடைசியில் வரம்பைத் திரும்ப வைக்க வேண்டும். வைக்கும் முன் கரண்ட் போனால் வரம்பும் போயிற்று. அந்த நொடியில் போய்த் தொலைக்காது என்று நினைத்திருந்தாள். கரண்ட் இல்லாமல் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் படித்தவளே அப்படி நினைத்திருந்தாள்.

அவளுடைய அண்ணன் கல் அறுக்கும் பட்டறையில் கிரேன் ஓட்டுகிறான். அங்கே இன்று காலைதான் அவள் கம்பெனி ஆள் போய்ப் புது பூட்லோடர் ஏற்றினார். போனை எடுத்தாள்.

"என்னடி, வேலை நேரத்துல? உங்க மேனேஜர் மண்டையப் போட்டானா?"

"அண்ணா, காலையில எங்க ஆளு வந்தப்ப கரண்ட் போச்சா?"

"இங்க எப்பதான் போகல? போச்சு, வந்துச்சு. பச்சை லைட் எரியுதுன்னு அவரு கிளம்பிட்டாரு. ஆனா உன் டப்பா இன்னைக்குத்தான்டி சமத்தா இருக்கு. நேத்து வரைக்கும் மாமியார் மாதிரி தொட்டதுக்கெல்லாம் கத்தும். இன்னைக்கு எதைத் தூக்கினாலும் மூச்சு விடல."



"இப்ப கொக்கில என்ன தொங்குது?"

"மூலையில கிடந்துச்சே அந்தக் கருங்கல்லு, டப்பா தூக்கவே விடாதே, அதான்."

"கீழ யாரு?"

அவன் குரலில் இருந்த சிரிப்பு போய்விட்டது. "கயிறு பிடிக்கிற பசங்க."

"விலகச் சொல்லுண்ணா. டப்பாவுக்கு வரம்பே இல்ல இப்ப. என் தப்பு, வைக்கக் கூடாத இடத்துல வச்சுட்டேன். கம்பி தாங்காது. மெதுவா, ஒரே சீரா இறக்கு. சடக்குன்னு நிறுத்திடாத."

போனை எங்கோ வைத்த சத்தம். பிறகு தூரத்தில், "டேய், கயித்த விட்டுட்டு ஓடுங்கடா! ஓடுங்க!"

மோட்டார் முனகத் தொடங்கியது. கம்பி நெறிபடும் சத்தம் அதற்குள் ஏறி ஏறி வந்தது. அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். பிளக்கை மறுபடி எப்போது பிடுங்கினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. சொருகினாள். மேசைமேல் பலகையின் பச்சை விளக்கு, ஒரு குறையும் இல்லாததுபோல் எரிந்தது.