சாவிப் பாட்டில் யார் கை

என் மச்சானுக்குக் கையில் எந்த வியாதியும் இல்லை. இது உயிரோடு இருப்பவர்களில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். தெரிந்தும், நரம்பு டாக்டரின் அறையில் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மச்சான் என் மனைவியின் அண்ணன். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். இருபத்தெட்டு வருடங்களுக்கு முன்னால் நண்பர்கள் நாலு பேரோடு ஒரு குழுவில் டிரம்ஸ் வாசித்தார். அந்தக் குழு பெயர் வாங்கியது ஒரே ஒரு பாட்டால். வீட்டுச் சாவியைத் தொலைத்துவிட்டுத் தெருவில் நிற்கிற ஒருவன் பாடுகிற பாட்டு. அதற்கு வேறு பெயர் உண்டு, ஆனால் எல்லோருக்கும் அது சாவிப் பாட்டுதான். இரண்டாம் சரணம் முடிந்ததும் டிரம்ஸில் ஒரு ரோல் வரும். ஐந்து நொடி இருக்கும். மெதுவாக ஆரம்பித்து, படபடவென்று இறங்கி, விழப்போகிற நேரத்தில் ஒரு துளி நின்று, அப்புறம் விழும். பஸ்ஸில் போகிறவர்கள் முன்சீட்டின் முதுகில் அதைத் தட்டிப் பார்த்திருக்கிறார்கள், நானே கண்டிருக்கிறேன்.

அந்த ரோலை மச்சான் வாசிக்கவில்லை. நான் வாசித்தேன். ரோல் மட்டுமில்லை, பாட்டு முழுக்க நான்தான்.

பதிவு நடந்த அன்றைக்கு மச்சான்தான் என்னை ஸ்டூடியோவுக்குக் கூட்டிப் போனார். அப்போது அவர் எனக்கு மச்சான் இல்லை, மூன்று வயது மூத்த நண்பர். டிரம்களைச் சுருதி பார்த்து முறுக்கிக் கொடுக்க ஆள் வேண்டும் என்றார், போனேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை தடவைக்கு ஒரு விதமாக வாசித்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சோபாவில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் தொழிலில் "காது" என்று பெயர் வாங்கிய சவுண்ட் இன்ஜினியர் ஒவ்வொரு தடவையும் "அருமை, இன்னும் ஒண்ணு" என்றார். எல்லோரும் கிளம்பிய பிறகு என்னை மட்டும் நிறுத்தி, "இது தேறாது தம்பி. நாளைக்குக் காலைல நீ வந்து வாசி. ஆனா உன்னை மாதிரி வாசிக்காத, அவனை மாதிரி வாசி. அவனுக்கே தெரியக்கூடாது" என்றார்.

நான் யோசிக்கவே இல்லை. யோசித்துத் தவறு செய்தேன் என்றாலாவது கொஞ்சம் மரியாதையாக இருக்கும். மறுநாள் ஒன்பது மணிக்கெல்லாம் போய் நின்றேன். மச்சானின் இடது கை எப்போதும் ஒரு நூலிழை தாமதமாக விழும். அந்தத் தாமதத்தையும் சேர்த்து வாசித்தேன். இரண்டே டேக். காது கண்ணாடிக்குப் பின்னால் எழுந்து நின்று கும்பிட்டார். "நீ மனுசனா, ஜெராக்ஸ் மெஷினா?" என்றார்.

அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. என் பிழைப்பே அதுதான் என்றாகிவிட்டது. காலையில் பக்திப் பாட்டு, மதியம் பற்பசை விளம்பரம், சாயங்காலம் சினிமாச் சண்டை. யாருடைய டிரம்மருக்காவது காய்ச்சல் என்றால், "ஜெராக்ஸைக் கூப்பிடு" என்பார்கள். ஸ்னேர் என்கிற சின்ன டிரம்மின் மேல் பர்ஸை வைத்து வாசித்தால் எந்தக் காலத்துச் சத்தம் வரும், பெரிய டிரம்முக்குள் மனைவியின் பழைய போர்வையைத் திணித்தால் எந்த ஊர்ச் சத்தம் வரும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. நாலாயிரம் பாட்டுக்கு மேல் இருக்கும். அத்தனைக்கும் அடியில் அந்த ஒரு காலை கிடக்கிறது. யாராவது "எப்படி சார் இந்தத் தொழிலுக்கு வந்தீங்க?" என்று கேட்டால் எனக்குத் தண்ணீர் தாகம் எடுத்துவிடும்.

பாட்டு பிரபலமானதும் மச்சான் என்னைக் கட்டிப்பிடித்து, "நீ முறுக்கிக் குடுத்த நேரம்டா!" என்றார். வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். அங்கேதான் அவர் தங்கையைப் பார்த்தேன். கல்யாணத்துக்கு முதல் நாள் வரை "டேய்" என்றவர், மறுநாளிலிருந்து "வாங்க மாப்ள" என்றார். அந்த "ங்க" ஒவ்வொரு தடவையும் என்னைக் குத்தியது. சொல்லியிருக்கலாம். அப்புறம் அவருடைய அப்பாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது, அந்தப் பாட்டோடு ஒரு மேடைகூட ஏறாமலே குழு கலைந்தது, டிரைவிங் ஸ்கூல் வந்தது. இனிமேல் எதற்குச் சொல்வது என்று எனக்கு நானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டேன். காதும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இந்த வருடம் பழைய குழுவை ஒரே ஒரு மேடைக்காகக் கூப்பிட்டார்கள். மச்சான் கார் ஷெட்டில் டிரம்ஸைப் போட்டுக்கொண்டு மூன்று மாதம் அடித்தார். ரோல் வரவில்லை. எப்படி வரும்? ஆனால் அவர் வேறு மாதிரி கணக்குப் போட்டார். இருபத்தாறு வயதில் வந்தது இப்போது வரவில்லை என்றால், அப்பாவின் வியாதி தனக்கும் வந்துவிட்டது.

"நீங்களும் அண்ணனோட போயிட்டு வாங்க. கையைப் பத்தி உங்களுக்குத்தான தெரியும்" என்றாள் என் மனைவி.

டாக்டரிடம் மச்சான் போனில் பாட்டைப் போட்டுக் காட்டினார். "இது என் பழைய கை டாக்டர். இப்ப இதுல பாதி கூட வரல. எங்கப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது."

டாக்டர் நல்ல மனிதர். விரலை மடக்கச் சொன்னார், நடக்கச் சொன்னார், ஸ்கேனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல ஒண்ணும் தெரியல. ஆனா ஆரம்பத்துல தெரியாது" என்று என்னிடம் திரும்பினார். "நீங்களும் இதே தொழில்தான? அந்தக் கைக்கும் இந்தக் கைக்கும் எவ்வளவு வித்தியாசம்?"

"நிறைய வித்தியாசம் இருக்கு டாக்டர்" என்றேன்.

சத்தியமான வார்த்தை. அதைச் சொல்லித்தான் பொய் சொன்னேன். அதை நம்பி அவர் மாத்திரை எழுதினார், போட்டுப் பார்ப்போம் என்று. வெளியே வந்ததும் மச்சான் என் தோளில் தட்டி, "நீங்க இருந்தது தெம்பா இருந்துது மாப்ள" என்றார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

மாத்திரை அவரை வாட்டியது. குமட்டல், தலைசுற்றல். கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவர்களை வேறு பள்ளிக்குப் போகச் சொல்லிவிட்டார். இரண்டு வாரம் கழித்து நானும் மனைவியும் போனபோது, அவர் மனைவி அலமாரியைத் திறந்து காட்டினார். பொத்தானே இல்லாத ஆறு சட்டைகள் மடித்தபடி இருந்தன. அவருடைய அப்பா கடைசிக் காலத்தில் காலையில் அரை மணி நேரம் ஒரே பொத்தானோடு போராடியதை மச்சான் பார்த்தவர். விரல் ஓடும்போதே வாங்கி வைத்துவிட வேண்டும் என்று சொன்னாராம்.

நேராகக் கார் ஷெட்டுக்குப் போனேன். 'மெதுவாகச் செல்', 'முன்னால் வளைவு' என்று பயிற்சிப் பலகைகள் சுவரில் சாய்ந்திருந்தன. நடுவில் டிரம்ஸ், அதன் பின்னால் மச்சான்.

"மச்சான், மாத்திரையை நிறுத்துங்க."

"ஏன் மாப்ள?"

"உங்களுக்கு வியாதி இல்ல. அந்த ரோல் உங்களுக்கு எப்பவும் வந்ததில்ல. பாட்டுல வாசிச்சது நான்."

பிரேக்குக்குப் பதிலாக ஆக்சிலேட்டரை மிதித்தவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். "ரோல் மட்டுமா?"

"எல்லாம். மறுநாள் காலைல. காது கூப்பிட்டாரு. போனேன்."

மச்சான் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, விரல்களை விரித்துப் பார்த்தார். "அப்ப இது நல்லாத்தான் இருக்கா?"

"நல்லா இருக்கு மச்சான்."

சிரித்தார். வாய்விட்டுச் சிரித்தார். "ஏய், எனக்கு ஒண்ணும் இல்லையாம்!" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். "யாரு சொன்னது?" என்று அவர் மனைவியின் குரல் வந்தது. "மாப்ளயே சொல்லிட்டாரு!" டாக்டரின் பேச்சைவிட என் பேச்சுக்கு அந்த வீட்டில் மதிப்பு அதிகம்.

பிறகு சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

"எனக்கே தெரியலையே. என் கை மாதிரியேதான இருந்துது. அந்த இடது கை இழுத்து விழறது கூட."

"அதையும் சேர்த்துத்தான் வாசிச்சேன்."

"கேலிக்கா?"

"இல்ல. நீங்க கண்டுபிடிக்கக் கூடாதுன்னு."

தலையை ஆட்டிக்கொண்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

"சரி, நான் வாசிச்சது? நாள் பூரா வாசிச்சேனே, அது எங்க இருக்கு?"

"அதே டேப்புல, அது மேலயே பதிஞ்சோம்."

"அழிச்சிட்டீங்க" என்றார். கேள்வியாகக் கேட்கவில்லை.

சிம்பல் தட்டின் ஓரத்தைத் தடவினார். பிறகு எழுந்து எனக்கு இடம் விட்டு, குச்சிகளை நீட்டினார். "நீங்கதான் யாரு கையையும் அப்படியே வாசிப்பீங்களே. அந்த ரோல் வர்ற இடத்துல நான் என்னமோ வாசிச்சிருப்பேன் இல்ல? அதுல ஒண்ணை வாசிச்சுக் காட்டுங்க. மேடைல அதையே வாசிச்சுட்டுப் போறேன். எப்படி இருந்தாலும் என்னுதுதான."

உட்கார்ந்தேன். குச்சிகளை வாங்கினேன். கண்ணை மூடி அந்த நாளுக்குப் போனேன். சோபா தெரிந்தது, கண்ணாடி தெரிந்தது, வியர்வையில் நனைந்த அவர் சட்டை தெரிந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. அவர் எங்கே சறுக்குகிறார் என்று எண்ணிக்கொண்டிருந்தேனே தவிர, என்ன வாசிக்கிறார் என்று நான் கேட்கவே இல்லை. அவர் பாணியில் ஏதாவது ஒன்றைச் சமைத்துக் கொடுத்திருக்கலாம். நம்பியிருப்பார். கை அதற்குத் தயாராகவும் எழுந்தது. அவமானத்தில் அதை இறக்கி, குச்சிகளை ஸ்னேரின் மேல் வைத்தேன்.

"ஞாபகம் இல்ல மச்சான்."

"முப்பது தடவையாவது வாசிச்சிருப்பேன் மாப்ள" என்றார். "நீங்க அங்கதான உக்காந்திருந்தீங்க."