திரும்பக் கூப்பிடாதவன்

நான் எழுந்து போனபோது நீ என்னைத் திரும்பக் கூப்பிடவில்லை. அதுதான் நீ செய்த குற்றம்.

ஐப்பசி மழையில் எங்கள் ஊரில் எல்லோர் முகமும் கரைந்துபோகும். மழை விட்டதும் உன் கடையில் வரிசையாக உட்கார்ந்து, அவரவர் முகத்தை வரைந்து வாங்கிக்கொண்டு போவோம். இந்த வருஷம் என் முறை வந்தபோது, பக்கத்து வீட்டுச் சொர்ணகுமாரின் முகத்தை எனக்கு வரையச் சொன்னேன். வேலிக்கு அந்தப் பக்கம் அவன் தலை தெரிந்தால் போதும், என் மனைவி லிங்கேஸ்வரி சிரிப்பாள். என்னைப் பார்த்து அவள் சிரித்து எத்தனை மழை போயிற்றோ.

நீ தூரிகையைக் கழுவி வைத்துவிட்டாய். ஒருத்தர் முகத்தை இன்னொருத்தருக்கு வரைவது உன் நம்பிக்கைக்கு ஒத்துவராது என்றாய். கடையைத் திறந்து வைத்தவன் கேட்டதைக் கொடுக்க வேண்டாமா என்று கத்தினேன். நான் மாட்டுத் தரகன். சந்தையில் சாணி அள்ளி, உதைபட்டுத் தொழில் கற்றவன். சந்தையில் விலை பேசுவதுபோலத் துண்டைப் போட்டு அதற்கடியில் உன் விரலைப் பிடித்தேன். உன் விரல்கள் எந்த விலையும் சொல்லவில்லை.

“கன்னுக்குட்டியைப் பிரிச்சு மாட்டை மட்டும் வித்துத் தரச் சொன்னா, தரகு பேசுவீங்களா அண்ணாச்சி?” என்று கேட்டாய்.

பேசமாட்டேன். அது சந்தைக்கே தெரியும்.

“உட்காருங்க. உங்க முகத்தையே வரையறேன்.”

“அந்த மூஞ்சி எனக்கு வேண்டாம்” என்று எழுந்தேன். பேரத்தில் எழுந்து போகிறவன், திரும்பக் கூப்பிடட்டும் என்று மெதுவாகத்தான் நடப்பான். நானும் தெருமுனை வரைக்கும் மெதுவாகத்தான் நடந்தேன். நீ அடுத்த ஆளுக்கு மூக்கு வரையத் தொடங்கிவிட்டாய்.

முகமில்லாததால் தொழிலுக்கு நஷ்டமில்லை. துண்டுக்கடியில் விரல்தான் பேசும். முகம் வீட்டுக்குத்தான் வேண்டியிருந்தது. சொர்ணகுமாரிடமே போய்த் துண்டைப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் முகத்தை இரவல் தரச் சம்மதித்தான். பதிலுக்கு என் கோபத்தைக் கேட்டான். அவன் வீட்டில் யாரும் அவன் பேச்சைக் கேட்பதில்லையாம். கழற்றிக் கொடுத்தேன்.

ஞாயிறு மதியம் அவன் முகத்தோடு என் வீட்டுக்குப் போனேன். லிங்கேஸ்வரி சிரித்தாள். மோர் கொடுத்தாள். “உட்காருங்க, எங்க வீட்டுக்காரர் இப்ப வந்துருவார்” என்றாள். இலை போடவில்லை.

கொஞ்ச நேரத்தில் சொர்ணகுமார் முகமில்லாமல் உள்ளே வந்தான். குழம்பில் உப்பு எங்கே போயிற்று என்று என் கோபத்தோடு கத்தினான்.

“வந்ததும் வராததுமா ஏன் இப்படிக் கத்துறீங்க? கையைக் கழுவுங்க” என்று அவளும் கத்தினாள். இலை போட்டாள். மீனை வைக்கும் முன் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்தாள். எனக்கும் தினமும் அப்படித்தான் எடுத்து வைத்திருப்பாள் போல. நான் கத்திக்கொண்டே தின்றவன், பார்த்ததில்லை. என் மோர் தீர்ந்துபோனதை அவள் கவனிக்கவே இல்லை.

திங்கட்கிழமை முகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கோபத்தை அவன் தர மாட்டேன் என்கிறான். முகத்தைக் கழற்றி வைத்துவிட்டு வந்து, மூன்று வேளையும் என் வீட்டில்தான் சாப்பிடுகிறான். அவனை இலையிலிருந்து எழுப்ப எனக்கு என் முகம் வேண்டும். புருவம் நெறித்த அதே மூஞ்சி.

நீ மறுத்தது சரியா தப்பா என்று இனி நான் பேச வரவில்லை. இப்போது உன்னிடம் கத்துவதற்குக்கூட, சந்தையில் ஒரு காளையிடம் கோபம் கேட்டு வாங்கி வந்திருக்கிறேன். பொழுது சாய்வதற்குள் அதற்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

உன் கடை வாசலில் முதுகைக் காட்டி நிற்கிறேன். ஓர் அடி எடுத்து வைத்துவிட்டேன். மெதுவாகத்தான் நடக்கிறேன். இந்தத் தடவையாவது கூப்பிடு.