வலது ஷிஃப்ட், எட்டு விநாடி

சித்தப்பா மேசைக்கடியில் குனிந்து பிளக்கில் கை வைத்துவிட்டார். வாசலில் செருப்பை உதறிவிட்டு ஓடிவந்த மகள் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கைய எடுங்க சித்தப்பா."

"உங்கப்பா கூடத்துல கிடக்கார். இந்த மேசைய நகர்த்தினாத்தான் நாலு பேர் உட்கார முடியும். இப்பப் போய் கம்ப்யூட்டரா?"

"அவர் அடிச்சது அதுல இருக்கு. சேமிக்கல. பிடுங்கினா போயிடும்."

"படிச்ச திமிரு," என்று முணுமுணுத்தபடி சித்தப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

முப்பது வருஷம் லாரி ஓட்டிய அப்பாவின் கை, கடைசியில் ஒரு டம்ளரைப் பிடிக்கக்கூட நடுங்கியது. அந்தக் கைக்காகத்தான் இதை ஏற்பாடு செய்திருந்தாள். எழுத்துகள் கட்டைவிரல் பருமனில் தெரியும். நடுக்கத்தில் ஒரே விசை பலமுறை அமுங்கினாலும், அமுங்கியபடியே கிடந்தாலும், கணினி ஒரே ஒரு எழுத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். வலது ஷிஃப்ட்டை எட்டு விநாடி அழுத்தினால் அந்த வசதி போய்விடும். மறுபடி அழுத்தினால் வந்துவிடும். அதை மட்டும் அவருக்குச் சொல்லாமல் விட்டிருந்தாள்.

காலையில் அவள் அலுவலகத்துக்குப் போன் செய்திருந்தார்.

"பாப்பா, ஒண்ணு அமுக்கினா ஒம்பது விழுது."

முகம் தெரியாதவர்களுக்கெல்லாம் போனில் கணினி சொல்லித்தருவதுதான் அவள் வேலை. வரிசையில் பதினோரு பேர் காத்திருந்தார்கள். அவர்களிடம் தேனாய்ப் பேசவேண்டும்.

"எதையும் தொடாதீங்கப்பா. சாயங்காலம் வந்து பாக்கறேன்."

"ம்."

எதற்கும் அதுதான் பதில். பட்டம் வாங்கியதைச் சொன்னபோதும் ம். வேலை கிடைத்தபோதும் ம். "வாயத் தொறந்து நாலு வார்த்தை பேசினா முத்தா உதிர்ந்திடும்?" என்று அவள் கத்திய அன்றும் அதேதான்.

அண்ணி வந்து கதவோரம் நின்றாள்.

"நாற்காலியிலயே சாஞ்சிருந்தார். கை இந்த கீபோர்டு மேல கிடந்துச்சு. தூங்கறார்னு நெனச்சு துணியெல்லாம் அலசிக் காயப்போட்டுட்டு வந்தேன். அப்புறம்தான் கைய எடுத்துப் பாத்தேன்."

ஜன்னல் திரை மெல்ல உப்பி, மெல்ல அடங்கியது. மதிய வெயில் தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் சுவரில் அசைந்தது. கூடத்து அழுகை எங்கோ அக்கரையில் கேட்டது.

மகள் முதலில் கோப்பைச் சேமித்தாள். பிறகு அவர் உட்கார்ந்து பள்ளமாகிப்போன நாற்காலியில் அமர்ந்து, திரையை முதல் வரிக்கு நகர்த்திப் படித்தாள்.

'எத்த்தையும்ம் தொடக்க் கூட்ட்டாது. பாப்ப்ப்பா சொல்ல்லிருக்கு. சாய்ய்யங்காலம் பாப்ப்பா வர்ரும்ம்ம்ம்ம்ம்'

தொடக்கூடாது என்பதை விசைகளைத் தொட்டே எழுதிவைத்திருக்கிறார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்தக் கடைசி எழுத்து நிற்கவில்லை. வரி நிறைந்து, பக்கம் நிறைந்து, அடுத்த பக்கத்திலும் ம்ம்ம்ம்ம். அண்ணி கையை எடுக்கும்வரை ஓடியிருக்கிறது. கீழே எண் காட்டியது: நாற்பத்தொரு பக்கம்.

"மேசைய எடுக்கலாமா?" கூடத்திலிருந்து சித்தப்பா கேட்டார்.

"அஞ்சு நிமிஷம்."

வேலையில் பேசும் அதே குரலில், அவசரமில்லாமல், திரையிடம் சொன்னாள்.

"வலது பக்கம் ஷிஃப்ட் இருக்கு பாருங்கப்பா."

திரையில் ஒரு பக்கம் கீழே நகர்த்தினாள். ம்ம்ம்ம்ம்.

"அத அமுக்கிப் பிடிச்சுக்கோங்க."

ம்ம்ம்ம்ம்.

"மெதுவா எட்டு வரைக்கும் எண்ணுங்க. அவசரமே இல்ல."

இன்னொரு பக்கம் நகர்த்தினாள்.