அட்டையில் வேறு முகம்

அக்காவின் குரலுக்கு முதலில் பேர் கிடைத்தது தொலைபேசி நிலையத்தில்தான். வெளியூருக்குப் பேசக் காத்திருப்பவர்களிடம் "கொஞ்சம் லைன்லயே இருங்க" என்று அவள் சொன்னால், லைன் கிடைக்காதவர்கள்கூடக் கோபப்பட மாட்டார்களாம். அப்படிக் காத்திருந்தவர்களில் ஒருவர் கேசட் கம்பெனி முதலாளி. "பாடுவியாம்மா?" என்று கேட்டிருக்கிறார். யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்து அக்கா போனிலேயே நாலு வரி எடுத்துவிட்டாள்.

சில மாதங்களில் கேசட் வெளிவந்தது. அட்டையில் அக்காவின் முகம், பவுடர் கொஞ்சம் தூக்கலாக. அப்பா அதை அலமாரியில் வைத்து, மின்கட்டணம் வசூலிக்க வந்தவரிடம்கூடக் காட்டினார். ஆனால் கடைகளில் போணியாகவில்லை. விலை அதிகம் என்றார்கள், முகம் தெரியாத பாடகி என்றார்கள். பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தது. முதலாளி முகம் கொடுத்துப் பேசுவதையே நிறுத்திவிட்டார். அக்கா பழையபடி ஹெட்போனை மாட்டிக்கொண்டு வேலையில் உட்கார்ந்தாள். வீட்டில் முணுமுணுப்பதையும் விட்டுவிட்டாள்.

அடுத்த மழைக்காலத்தில் நானும் அவளும் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். டிரைவர் ஒரு கேசட்டைத் தள்ளினார். அக்காவின் குரல்!

"ஐயோ, நான்தாண்டி!" என்று என் கையைக் கிள்ளினாள். பின்சீட்டில் ஒரு பெரியவர் வரி பிசகாமல் கூடவே பாடினார். இறங்கும்போது அக்கா அந்தக் கேசட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். கலர் ஜெராக்ஸ் அட்டை, கத்தரியால் கோணலாக வெட்டியது. அதில் யாரோ ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"யாருங்க இது?"

"பாடுற பொண்ணும்மா. குரல் மாதிரியே ஆளும் லட்சணமா இருக்கில்ல?" என்றார் டிரைவர்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா நேராகக் கண்ணாடி முன்னால் போய் நின்றாள்.

பிறகு எங்கே திரும்பினாலும் அவள் பாட்டுதான். சலூனில், தையல் கடையில், பெட்ரோல் பங்க்கில். எல்லாமே திருட்டுக் கேசட். முதலாளி வக்கீலை வைத்துப் போலீசில் புகார் கொடுத்தார். குரலை அடையாளம் சொல்ல அக்காவையும் சோதனைக்கு அழைத்தார்கள். துணைக்கு நான் போனேன்.

பஞ்சர் கடைக்கு மேலே இருந்தது அந்த அறை. சுவரோரம் வரிசையாக டேப்ரிகார்டர்கள், ஒன்றில் பாட்டு ஓட மற்றவற்றில் பதிவாகிக்கொண்டிருந்தது. சூடேறிய பிளாஸ்டிக் வாசனை. மேஜை விசிறி ஆளுக்காகச் சுற்றவில்லை, மெஷின்களுக்காகச் சுற்றியது. தரையில் உட்கார்ந்து அட்டை வெட்டிக்கொண்டிருந்தவர் எழுந்து நின்றார். ஒல்லியான ஆள், சோடாபுட்டிக் கண்ணாடி. தெருவில் அவருக்குப் பேரே 'நகல்'தான்.

போலீசைப் பார்த்து அசராதவர், அக்கா பேசியதும் வெலவெலத்துப் போனார்.

"அம்மா... நீங்களா அது! உக்காருங்கம்மா!"

"உக்காரவா வந்தேன்? பாட்டைத் திருடினீங்க, சரி. என் மூஞ்சி என்னங்க பாவம் பண்ணிச்சு?"

"எனக்குக் கிடைச்ச கேசட்டுல அட்டை நனைஞ்சு கூழாயிடுச்சும்மா. படம் இல்லாம போட்டா யாரும் தொடமாட்டாங்க. அதான் எங்க அத்தை பொண்ணு போட்டோவை..."

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவா."

இன்ஸ்பெக்டர் சிரிப்பை மறைக்க மீசையைத் தடவிக்கொண்டார். ஒரு போலீஸ்காரர் ஒயரைப் பிடுங்கினார். பாட்டு பாதி வரியில் நின்றது. அக்காவின் முகம் வாடிப்போனது.

கோர்ட்டில் "என் குரல்தான்" என்று சொல்லிவிட்டு வந்தாள். நகலுக்குச் சில மாதம் சிறை. கூண்டைவிட்டு இறங்கும்போது அவர் அக்காவைப் பார்த்துக் கும்பிட்டார். எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியாமல் அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த வருஷக் கடைசியில் துறைமுகத் தொழிலாளர் சங்கத்தின் ஆண்டு விழாவில் பாட அழைப்பு வந்தது. எல்லாம் போனில் பேசி முடித்ததுதான். போய் இறங்கினால், வாசலில் பனை உயரத்துக்கு ஒரு பேனர். அதில் நகலின் அத்தை பொண்ணு.

"பாடுறவங்க இன்னும் வரலம்மா. டிக்கெட் இருந்தா அந்த வரிசையில நில்லுங்க" என்றார் வாசல்காரர்.

"நான்தாங்க பாட வந்தவ."

அவர் பேனரைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "காலையிலேர்ந்து இதோட எத்தனை பேரு! போலிக்கெல்லாம் இங்க இடமில்லம்மா."

அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்து முடித்துவிட்டு, பேனர் பக்கத்திலேயே நின்று முதல் வரியைப் பாடினாள். வரிசையில் நின்றவர்கள் திரும்பினார்கள். இரண்டாவது வரியை அவர்களே எடுத்துக்கொண்டார்கள். வாசல்காரர் கதவைத் திறந்துவிட்டு, "மனசுல வச்சுக்காதீங்கம்மா" என்று எங்கள் பின்னாலேயே மேடைவரை வந்தார். உள்ளே கூட்டம் மொத்தமும் சேர்ந்து பாடியது. நடுவில் அக்கா ஒரு வரியை விட்டுவிட்டுக் கூட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த இடத்தையும் அவர்களே பாடி நிரப்பினார்கள். அத்தனை பேரில் கம்பெனி கேசட்டைக் காசு கொடுத்து வாங்கியவர் ஒருவர்கூட இருந்திருக்க மாட்டார்.

சிறையிலிருந்து வந்த நகல், அத்தை பொண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"போற இடமெல்லாம் என்னைப் பாடச் சொல்றாங்கக்கா. நான் வாயைத் திறந்தா தெருவே காலியாயிடும்" என்றாள் அந்தப் பெண்.

அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "தம்பி, காப்பி போடட்டுமா?" என்று கேட்டாள்.

"வேணாம்மா, அந்த வேலையை விட்டுட்டேன்" என்றார் நகல். அக்கா சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. இருந்தாலும் அவரை விடவில்லை. "மறுபடி என் பாட்டைத் தொட்டீங்க, மறுபடியும் வந்து சாட்சி சொல்லுவேன்" என்றாள். அவர் தலையாட்டினார். அதன்பிறகு விசிறியும் ரேடியோவும் ரிப்பேர் பார்த்தே குடும்பத்தை ஓட்டினார்.

அம்மா அப்பா போய்விட்டார்கள், கம்பெனியும் மூடிவிட்டது. அக்கா பாடுவதை நிறுத்தி ரொம்ப காலமாகிறது. நகலும் அவர் மனைவியும் சில சாயங்காலங்களில் வருவார்கள். நாலு பேரும் மொட்டை மாடியில் பாயைப் போட்டுக்கொண்டு, இப்போது இல்லாத கடைகளை, ஓடாத பஸ்களை, மூடிப்போன தியேட்டர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருப்போம். ஒருவர் மறந்ததை இன்னொருவர் எடுத்துக்கொடுப்பார். கொசு கடிக்கும்வரை யாரும் எழுந்திருப்பதில்லை.